ஊட்டுதலும் உண்ணாமையும்: நெய்தல் பாடல்களில் பறவையின் இரையும் பிள்ளையும்

ஆய்வுச் சுருக்கம்

சங்க அக இலக்கியத்தின் நெய்தல் பாடல்களில் நாரை, குருகு, கொக்கு முதலிய நீர்ப்பறவைகள் இரை தேடுதலும் பிள்ளைகளை ஓம்புதலும் மீண்டும் மீண்டும் வருகின்றன. இக்காட்சிகளை உள்ளுறை, இறைச்சி என்னும் இலக்கண வகைகளுக்குள் அடக்குவதும், பண்டைத் தமிழரின் பறவையியல் அறிவுக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவதுமே பெரிதும் நிகழ்ந்துள்ளன. இக்கட்டுரை இரை யாரிடம் சென்று சேர்கிறது என்னும் வினாவைக் கொண்டு அக்காட்சிகளைப் பகுத்து நோக்குகிறது. பிறர்க்கு ஊட்டுதல், தான் உண்ணுதல், உண்ணாதிருத்தல் என்னும் மூன்று நிலைகளும் தலைமக்கள் உறவின் மூன்று நிலைகளோடு ஒத்துச் செல்வதை அது காட்டுகிறது. பாடல்கள் உயிரியல் உண்மையிலிருந்து விலகும் இடங்கள் பிழைகளாகா. அவை ஒரே திசையில் அமைந்த விலகல்கள் என்பதும், வெள்ளாங்குருகுப் பத்தின் பொருட்சிக்கலை அணுக அது ஒரு வழி தருகிறது என்பதும் இதன் முடிவுகள்.

திறவுச்சொற்கள்: நெய்தல், நாரை, குருகு, சிறுவெண்காக்கை, பிள்ளை, இரை, உள்ளுறை, அம்மூவனார், வெள்ளாங்குருகுப் பத்து.

1. முன்னுரை

சங்க இலக்கியப் பறவைகளைப் பற்றிய ஆய்வுகள் இரு பெருவழிகளில் நடந்துள்ளன. முதல்வழி உரையாசிரியர்களுடையது. தொல்காப்பியம் கருப்பொருள்களுள் ஒன்றாகப் புள்ளை வைத்தது. அக்கருப்பொருளை அடிப்படையாகக் கொண்டு உள்ளுறை உவமத்தை விளக்கியது. இதனைப் பின்பற்றிய உரைகள் நாரையைத் தலைவனாகவும், மீனைத் தலைவியாகவோ பரத்தையாகவோ கொண்டு ஒன்றுக்கொன்று பொருத்திக் காட்டின. இரண்டாம் வழி இருபதாம் நூற்றாண்டில் தோன்றியது. பி. எல். சாமி ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ என்னும் நூலில் சங்கப் பறவைப் பெயர்களை இன்றைய பறவையியல் வகைப்பாட்டோடு இணைத்துக் காட்ட முயன்றார். பறவைப் பெயர்கள் வெறும் மரபுச் சொற்களாகக் கருதப்பட்டு வந்த நிலையை மாற்றியதில் இம்முயற்சிக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆயினும் இரண்டாம் வழி பின்னர் எளிய பட்டியலாகச் சுருங்கியது. ஒரு பாடலில் பறவை மீன் பிடிக்கிறது. பறவையியல் நூலிலும் அப்பறவை மீன் பிடிக்கிறது. ஆகவே சங்கப் புலவர் நுட்பமாக உற்றறிந்தவர் என்னும் முடிவு பல கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. இம்முடிவு பொய்யன்று. ஆனால் அது பாடலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அதே புலவர்கள் இயற்கையில் நிகழாத ஒன்றைப் பாடும்போது இம்முறை வாய்மூடி நிற்கிறது. அல்லது அப்பாடலைப் பட்டியலிலிருந்து விட்டுவிடுகிறது. விடப்பட்ட பாடல்களையும் சேர்த்து நோக்கினால்தான் நெய்தல் புலவர்கள் பறவையை எதற்காகப் பாடினர் என்பது தெளிவாகும்.

2. பெயரும் எல்லையும்

ஆய்வுக்குரிய பறவைகளின் எல்லையை முதலில் வரையறுத்தல் வேண்டும். கடற்பறவை என்றவுடன் ஆழ்கடலில் வாழ்ந்து தீவுகளில் முட்டையிடும் இனங்கள் நினைவுக்கு வரலாம். நெய்தல் பாடல்களில் மிகுதியாக வருபவை அவை அல்ல. கழியிலும் கடலோரத்திலும் நின்று மீன் தேடி, தாழை, புன்னை, பனை ஆகிய மரங்களில் தங்கும் நெடுங்கால் பறவைகளே அவை. நாரை, குருகு, கொக்கு என்னும் பெயர்கள் ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று புகுமாறு வழங்குகின்றன. நாரை என்பது இன்று இருவேறு குடும்பங்களாகப் பிரிக்கப்படும் பறவைகளுக்குப் பொதுப்பெயராக இருந்திருக்க இடமுண்டு. எனவே ஒரு பாடலின் பறவையை ஓர் இனத்தோடு உறுதியாகப் பிணைப்பதைவிட, அப்பறவை செய்யும் செயலை நோக்குதலே பாதுகாப்பான வழியாகும்.

இளமைப் பெயரும் கருதத்தக்கது. மரபியல் பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் இரு பெயர்களை வகுத்து, தவழ்பவற்றுக்கும் அவற்றை உரியவாக்குகிறது. இக்கட்டுரையில் எடுத்துக்கொள்ளப்படும் நற்றிணை 91, குறுந்தொகை 92, அகநானூறு 290, ஐங்குறுநூறு 151 முதல் 160 வரையிலான பாடல்கள் ஆகிய அனைத்திலும் பறவையின் குஞ்சு ‘பிள்ளை’ என்றே சுட்டப்படுகிறது. அகநானூறு 160, ஐங்குறுநூறு 44 ஆகியவற்றில் ஆமையின் குஞ்சு ‘பார்ப்பு’ எனப்படுகிறது. சில பாடல்களைக் கொண்டு இதை விதியாக்க இயலாது. எனினும் ஊட்டப்படும் பறவைக் குஞ்சைப் பேசுமிடத்தில் புலவர்கள் ‘பிள்ளை’ என்னும் பெயரையே தேர்ந்தமை குறிக்கத்தக்கது.

3. ஊட்டும் பறவை

பிசிராந்தையார் பாடிய நற்றிணை 91 இவ்வகைக் காட்சிகளுள் முழுமையானது. புன்னை பூத்து நிற்கும் உயர்ந்த கரை. நீண்ட கால்களையுடைய நாரை தன் பெடையோடு சேர்ந்து கடலைத் துழாவி இரை தேடுகிறது. கிடைத்த சிறுமீனை மரத்தின் உச்சிக்கிளையில் உள்ள கூட்டிற்குக் கொண்டு சென்று, தாயை அழைத்துக் கூவும் பிள்ளையின் வாயில் சொரிகிறது. தாமோதரனார் பாடிய குறுந்தொகை 92 இதன் மறுபாதி போன்றது. கதிரவன் மறைந்த அகன்ற வானில், வழியோரத்து மராமரத்தில் உள்ள பிள்ளைகளின் வாய்க்குள் இரையைச் செருகுவதற்காகப் பறவைகள் விரைந்து செல்கின்றன. இரங்கத்தக்கவை அவை எனத் தலைவி பார்த்திருக்கிறாள்.

இவ்விரு பாடல்களின் வினைச்சொற்கள் தனித்து நோக்கத்தக்கவை. முதற்பாடல் சொரிதல் என்கிறது. இரண்டாவது செருகுதல் என்கிறது. கொக்கு, நாரை இனங்களில் பெற்றோர் இரையை விழுங்கிக் கூட்டிற்குக் கொண்டுவந்து, பின் கக்கிக் கொடுக்கும். பசித்த குஞ்சு பெற்றோரின் அலகைப் பற்றி இழுக்க, இரை அதன் வாயில் விழும். குஞ்சுகள் வளர்ந்த பின் கூட்டின் தரையிலேயே இரை கொட்டப்படும். அலகு நுனியில் ஒரு மீனை நீட்டிக் கொடுக்கும் பறவைக்குச் சொரிதல் என்னும் சொல் பொருந்தாது. கக்கி ஊட்டும் பறவைக்கே அது பொருந்தும். தாய், தந்தை இரண்டும் இரை தேடுவதும், குஞ்சு குரலெழுப்பி இரை வேண்டுவதும், சிறு குஞ்சுக்குச் சிறுமீன் கொடுக்கப்படுவதும் கூர்ந்த நோக்கில் விளைந்தவை என்பதில் ஐயமில்லை.

ஆனால் நற்றிணை 91 அந்நோக்கை வெளிப்படுத்துவதற்காகப் பாடப்பட்டதன்று. இது வரைவு குறித்து மகிழ்ந்து தோழி தலைவிக்குச் சொல்லும் கூற்று. நெடுந்தேர் மணியொலியோடு பகலில் வருகிறது. சிறுகுடி பொலிவு பெறப்போகிறது. இதுகாறும் மறைவில் நிகழ்ந்த உறவு ஊரறிய ஓர் இல்லறமாக மாறும் நேரம் இது. உள்ளுறை நோக்கில் இங்கு நாரையைத் தலைவனாகக் கொள்ளலாம். அப்போதும் மீன் யார் என்னும் வினாவுக்கு விடை கிடைப்பதில்லை. இங்கு மீன் எவருக்கும் உவமையாகவில்லை. ஒருவர் மற்றொருவருக்குக் கொண்டுவருவதாக மட்டுமே நிற்கிறது. இருவர் சேர்ந்து தேடி, மூன்றாம் உயிருக்கு ஊட்டும் நிலையே வரைவின் பொருள் என்பதைத் தோழி பறவையின் வாயிலாகச் சொல்லிவிடுகிறாள்.

குறுந்தொகை 92-இல் தேர் இல்லை, தலைவனும் குறிக்கப்படவில்லை. பறவைகளின் விரைவு மட்டுமே உண்டு. நெய்தலுக்குரிய சிறுபொழுதான எற்பாட்டைக் கதிரவன் சாயும் பொழுது எனப் பெரும்பான்மையோர் கொள்வர். அப்பொழுது ஏன் இரங்கலுக்குரியது என்பதற்கு இப்பாடல் ஒரு விளக்கம் தருகிறது. இரை கொண்ட பறவை பிள்ளையிடம் திரும்பும் நேரம் அது. திரும்பும் உயிர்கள் கண்முன் செல்லும்போதுதான் திரும்பாத ஒருவனின் இன்மை தோன்றுகிறது. பறவைகளைத் தலைவி ‘அளிய’ எனச் சுட்டும்போது அவ்விரக்கம் அவளிடமே திரும்பி வருகிறது.

இளவெயினனார் பாடிய நற்றிணை 263 ஊட்டுதலைப் பிள்ளை பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கடுஞ்சூலின் வயாவால் இரையை விரும்பியும் கடற்கரைக் கானலை அடைய இயலாமல் வயலிலேயே தங்கிவிட்ட பெடைக்கு, முடம்பட்டு முதிர்ந்த ஆண் நாரை கடல்மீனைக் கொண்டு செல்கிறது. தலைவனிடம் மறைத்த துயரைக் கண்ணீர் மறைக்கமாட்டாமல் உரைத்துவிட்டது என்பது பாடலின் மனிதப் பகுதி. சொல்லாமலே பெடையின் வேட்கையை அறிந்து இரை கொணரும் முதிய நாரை ஒருபுறம். கண்ணீர் சொன்ன பின்பே அறியவேண்டிய நிலையில் தலைவன் மறுபுறம். நாரை முடம்பட்டது, முதிர்ந்தது என்னும் அடைகள் இவ்வேறுபாட்டை மிகுவிக்கின்றன.

4. தனக்கே உண்ணும் பறவை

ஊட்டும் பறவைக்கு எதிர்நிலையில் தன் இரையை மட்டும் நோக்கும் பறவை நிற்கிறது. திணை வேறாயினும் கபிலரின் குறுந்தொகை 25 இங்கு ஒப்புநோக்கத்தக்கது. களவில் கூடிய நாளில் தலைவனைத் தவிர வேறெவரும் இல்லை. ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு மட்டும் இருந்தது. சான்று சொல்லவேண்டிய ஒரே உயிர் தன் இரையின்மேல் கண்வைத்திருந்தது என்பதே தலைவியின் கையறுநிலை. பரணரின் குறுந்தொகை 128-இல் கீழ்க்கடல் அலையருகே பறக்கும் ஆற்றல் இழந்த நாரை, மேற்கே பொறையனின் தொண்டித் துறையில் உள்ள அயிரை மீனுக்குத் தலை நீட்டுகிறது. எட்டாத தலைவியை விரும்பும் தலைவனின் நெஞ்சுக்கு அது உவமை. இரண்டிலும் இரை தேடும் உயிருக்கும் அது தேடும் பொருளுக்கும் இடையே வேறெவரும் இல்லை.

இந்நிலையைத் தொடராகக் காட்டுவது ஐங்குறுநூற்றின் சிறுவெண்காக்கைப் பத்து (161–170). அம்மூவனார் பாடிய இப்பத்துப் பாடல்களிலும் பெருங்கடற்கரையில் வாழும் அப்பறவை ஒவ்வொரு செயலைச் செய்கிறது. அவற்றுள் 162, 164, 165, 167 ஆகிய நான்கு பாடல்களில் அது இரை உண்கிறது. 164-இல் அது அயிரையை உண்ண, மனிதப் பகுதியில் அலர் பிறக்கிறது. 165-இல் அது நீர் வற்றிய கழியின் சிறுமீனை வயிறார உண்ண, தலைவன் சொன்ன சொல் தலைவியின் வளையைக் கவர்ந்துகொள்கிறது. பறவை நிறைய, தலைவி மெலிகிறாள்.

சிறுவெண்காக்கையை இன்றைய கடற்காகத்தோடு இணைக்கும் கருத்து எளிதில் தோன்றக்கூடியது. நிறமும் இடமும் அதற்குத் துணைநிற்கின்றன. ஆனால் தமிழகக் கடற்கரையில் பெருங்கூட்டமாகக் காணப்படும் பழுப்புத்தலைக் கடற்காகம் குளிர்காலத்து விருந்தாளி. மைய ஆசியாவின் உயர்நிலங்களில் முட்டையிடுவது. பாடல்களின் பறவையோ 161, 169 ஆகியவற்றில் புன்னைக் கிளையில் தங்குகிறது. 168-இல் துறையில் நிற்கும் அம்பியின் உட்பகுதியில் ஈனுகிறது. இப்பெயரைக் கடற்காகம் என முடிவுசெய்வோர் இப்பாடல்களுக்கு விடை கூறுதல் வேண்டும்.

அவ்வினா முடிவாகாவிடினும் 168-ஆம் பாடலின் இடம் முக்கியமானது. பத்துப் பாடல்களுள் பறவை ஈனுவது இதில் மட்டுமே. இதன் மனிதப் பகுதி உணவு மறுத்திருக்கும் தலைவியைப் பற்றியது: துறைவன் அருள் செய்தால் இவள் பால் உண்பாள் என்கிறது கூற்று. இப்பத்தில் பறவை உண்ணும் நான்கு பாடல்களில் தலைவிக்கு உணவு பற்றிய பேச்சில்லை. பறவை உண்ணாமல் ஈனும் ஒரு பாடலில் தலைவியின் பால் பேசப்படுகிறது. தொழிலுக்கு உரிய அம்பி ஓர் உயிர் ஈனும் இடமாகியதைப் போல, துறைவனின் அருள் தலைவி உயிர் தரிக்கும் உணவாகிறது. இரையும் அருளும் ஒரே தட்டில் வைக்கப்படுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடல் அரிது.

5. உண்ணாப் பறவை

மூன்றாம் நிலை இரை கிடைத்தும் உண்ணாதிருத்தல். நற்றிணை 178-இல் ஆண் நாரையால் நலன் உண்ணப்பட்ட பெடை, கழியின் பக்கத்தில் உள்ள சிறுமீனை உண்ணாமல் தாழைக் கிளையில் தனிமையோடு தங்குகிறது. ஆண் நுகர்ந்தது பெடையின் நலன். பெடை விலக்கியது மீன். உண்ணுதல் என்னும் ஒரே வினை இரு பொருளில் இருவரிடையே பகிரப்படுகிறது. தலைவியின் உண்ணாமைக்கு உவமையாக மட்டும் இதைக் கொள்வது போதாது. ஒருவர் உண்டதனால் மற்றவர் உண்ணாதிருக்கிறார் என்னும் காரணத் தொடர்பே பாடலின் அடித்தளம்.

நக்கீரரின் அகநானூறு 290 இந்நிலையைப் பிள்ளையோடு இணைக்கிறது. காலையில் சேற்று நிலத்திற்கு இரை தேடிச் சென்ற ஆண்கொக்கு, கொழுமீனை உணவாகக் கொண்ட சிறுவர்கள் விரித்த நுண்ணிய வலையில் அகப்பட்டுவிடுகிறது. பொழுது சாயும் நேரத்தில் பெடை இரையை உண்ணாமல், வருந்தும் பிள்ளைகளைத் தழுவிக்கொண்டு பனைமரத்தில் இருந்து கூவுகிறது. குறுந்தொகை 92-இல் பறவைகள் பிள்ளைகளிடம் விரைந்த அதே மாலைப்பொழுது இது. இங்கு ஒரு பறவை மட்டும் திரும்பவில்லை.

இக்காட்சியின் துயரை உணரப் பறவையியல் உண்மையாகவே துணைசெய்கிறது. கொக்கு இனங்களில் தாயும் தந்தையும் மாறிமாறிக் கூட்டைக் காத்து, மாறிமாறி இரை தேடும். குஞ்சுகள் மிக இளையனவாக இருக்கும் நாட்களில் ஒன்று கூட்டில் இருந்தே ஆகவேண்டும். வெயிலும் காக்கையும் பருந்தும் அவற்றைக் கொல்லும். எனவே ஒரு துணை இறந்தபின் மற்றது இரு வழிகளுக்கு இடையே நிற்கிறது. இரை தேடிச் சென்றால் பிள்ளைகள் காவலின்றி அழியும். காத்திருந்தால் பசியால் அழியும். பெடை பிள்ளைகளைத் தழுவுகிறது என்னும் போது நக்கீரர் இவ்விரு வழிகளுள் ஒன்றில் அதை நிறுத்திவிடுகிறார். தழுவுதல் அன்பின் அடையாளம் மட்டுமாக இல்லாமல் ஊட்ட இயலாமையின் அடையாளமும் ஆகிறது.

வலை விரித்தோர் யார் என்பதும் நோக்கத்தக்கது. மீனை உண்டு வளரும் பரதவச் சிறுவர்கள் அவர்கள். அவர்களும் ஒரு குடியின் பிள்ளைகள். ஒரு குடியின் பிள்ளைகள் விரித்த வலையால் வேறொரு குடும்பத்தின் பிள்ளைகள் பசித்திருக்கின்றன. புலவர் சிறுவர்களைக் கொடியவர் என்று சொல்வதில்லை. நெய்தல் நிலத்தில் பறவைக்கும் மனிதனுக்கும் இரை ஒன்றே. அதற்கான போட்டியும் இயல்பே. அவ்வியல்பு ஒரு கூட்டில் என்ன செய்கிறது என்பதை மட்டும் பாடல் காட்டி நிற்கிறது.

6. ஊட்டப்படாத பிள்ளை: வெள்ளாங்குருகுப் பத்து

ஐங்குறுநூறு 151 முதல் 160 வரையுள்ள வெள்ளாங்குருகுப் பத்து, நெய்தலுள் பரத்தையிற் பிரிவு சார்ந்த சூழலைப் பேசுவது. ஒவ்வொரு பாடலும் ஒரே செய்தியோடு தொடங்குகிறது: வெள்ளாங்குருகின் பிள்ளையைக் காண்பதற்காக ஒரு நாரை செல்கிறது. அது ஏன் சென்றது என்பதைச் சொல்லும் ‘செத்தென’ என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் கூறப்படுகின்றன. பிள்ளை இறந்தது என்பதனால் சென்றது என்பது ஒன்று. தன் பிள்ளையை ஒத்தது எனக் கருதிச் சென்றது என்பது மற்றொன்று.

மொழியமைப்பு இரு பக்கமும் சாய்கிறது. அகநானூறு 290-இல் ஆண்பறவை அகப்பட்டதனால் என்னும் பொருளில் ‘பட்டென’ என்னும் வடிவம் வருகிறது. அதே வாய்பாட்டில் செத்தென என்பதை இறந்ததனால் எனக் கொள்ளுதல் இயல்பு. மறுபுறம், அடுத்த பத்தின் 166-ஆம் பாடலில் அதே அம்மூவனார், சிறுவெண்காக்கை வேறொன்றை வலை எனக் கருதி அஞ்சுவதைச் சொல்லச் ‘செத்து’ என்னும் சொல்லையே ஆள்கிறார். ஒரே புலவர், ஒரே நூறு, பறவை ஒன்றை மற்றொன்றாக மயங்கும் ஒரே சூழல் என்னும் இவை இரண்டாம் பொருளுக்கு வலுச்சேர்க்கின்றன.

பொருளமைப்பும் அவ்வாறே பிரிகிறது. 152-இல் நாரை கையற்றுக் கூவுகிறது; 160-இல் அதன் நோவுக்குமேல் நோய் மிகுகிறது. இவை இறப்பைச் சுட்டும் பொருளுக்கு இணக்கமானவை. ஆனால் 154-இல் அது கானலில் தங்குகிறது. 158-இல் துணையோடு திரிகிறது. இறப்பைத் துக்கம் விசாரிக்கச் சென்ற பறவையெனின், அதன் செயல் குற்றமற்ற பரிவாகும். அப்போது தலைவனைக் கடியும் கூற்றுகளோடு அது எளிதில் இயைவதில்லை. மயங்கிச் சென்றதெனின், உரிமையில்லாத ஓரிடத்தில் தன் பொழுதைக் கழித்தது என்னும் பொருள் கிடைக்கிறது. 157-இல் காலை முதல் மாலை வரை அது தங்கியிருப்பதும் அப்போது பொருள் பெறுகிறது. நாரைக்கு வரும் ‘மடநடை’ என்னும் அடை பெண்மையின்பால் சாய்வதால், நாரையைத் தலைவனோடு முற்றாகப் பொருத்துவதிலும் இடர்ப்பாடு உண்டு. இரு பொருள்களுள் ஒத்தல் என்னும் பொருளே சூழலுக்கு மிகுதியும் பொருந்துகிறது. ஆயினும் மற்றதை முற்றாக விலக்க இயலாது.

எப்பொருளைக் கொள்ளினும் மாறாத ஒன்று இப்பத்தில் உண்டு. பத்துப் பாடல்களில் எதிலும் நாரை ஊட்டுவதில்லை. அது மிதிக்கிறது, கூவுகிறது, சிறகைக் கோதுகிறது, பதைக்கிறது, தூவியை உதிர்க்கிறது, தங்குகிறது. நற்றிணை 91-இன் நாரை இரையோடு சென்றது. இது காண்பதற்காக மட்டும் சென்றது. 159-இல் பசி தன்னைத் தின்ன அது தங்கியிருக்கிறது. பிறர் பிள்ளையிடம் வெறும் அலகோடு சென்று, தானும் பசித்திருக்கும் பறவை இது. ஊட்டுதல், உண்ணுதல் ஆகிய இரண்டும் இல்லாத இடத்தில் பிள்ளை மட்டும் இருக்கிறது.

இவ்வெறுமை மனிதப் பகுதியில் வெளிப்படும் இடம் 155-ஆம் பாடல். மகப்பேற்றுக்குரிய காலம் கழிகிறதே எனத் தோழி நெருக்க, தலைவி தான் பைஞ்சாய்க் கோரையால் ஆன பாவையை ஈன்றதாக விடைகூறுகிறாள் எனக் கூற்றுக் குறிப்பு சொல்கிறது. கோரைப் பாவைக்கு இரை வேண்டா, பால் வேண்டா, அதன்பொருட்டு மாலையில் எவரும் திரும்பவேண்டுவதில்லை. ஊட்டும் தந்தை இல்லாத நிலையில், ஊட்டவேண்டாத பிள்ளையே தனக்குப் போதும் என்னும் இக்கூற்றின் கடுமை, பத்து முழுவதும் ஊட்டுதல் இல்லாதிருப்பதைக் கண்டபின்பே முழுதாக விளங்குகிறது.

7. விலகலின் திசை

பாடல்கள் உயிரியலிலிருந்து விலகும் இடங்களை இனித் தொகுத்து நோக்கலாம். நற்றிணை 263-இல் ஆண்நாரை சூலுற்ற பெடைக்கு மீன் கொணர்கிறது. முட்டையிடும் முன் ஆண்பறவை பெடைக்கு மீன் கொடுக்கும் வழக்கம் ஆலா, கடற்காகம் ஆகிய இனங்களில் நன்கு பதிவாகியுள்ளது. கொக்கு, நாரை இனங்களில் ஆண் கூடுகட்டச் சுள்ளி கொண்டுவந்து பெடையிடம் கொடுப்பதே பரவலாகப் பதிவானது. ஆகவே இக்காட்சி, கண்டதை அப்படியே சொல்வதினும் ஒருபடி மேற்செல்கிறது.

குமுழிஞாழலார் நப்பசலையாரின் அகநானூறு 160 இன்னும் வெளிப்படையாக விலகுகிறது. பெண் ஆமை மணலில் மறைத்துப் புதைத்த முட்டையை, குஞ்சு வெளிப்படும்வரை ஆண் ஆமை காக்கிறது என்கிறது பாடல். கடலாமைகளில் பெண்ணே முட்டையிடக் கரையேறும். இட்டபின் கடலுக்குத் திரும்பிவிடும். முட்டையை எதுவும் காப்பதில்லை. குஞ்சுகள் தாமே வெளிப்பட்டுக் கடலைச் சேரும். முட்டையின் வடிவையும் புலால் நாற்றத்தையும் பிழையின்றிச் சொன்ன புலவர் இதை அறியாதவர் எனல் பொருந்தாது. இப்பாடலிலும் நற்றிணை 91-இல் போலத் தலைவனின் தேர் பகலில் வருகிறது. ஊரறிய வரும் தலைவனின் நிலத்தில், ஆண் ஆமையும் காவல் ஏற்கிறது.

மருதத்தைச் சார்ந்ததாயினும் ஓரம்போகியாரின் ஐங்குறுநூறு 44 இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது. பொய்கையில் உள்ள ஆமைக் குஞ்சு தாயின் முகத்தை நோக்கியே வளர்கிறது என்று பாடல் சொல்கிறது. இதுவும் இயற்கையில் இல்லை. முதல் பார்வையில் இது தாய்மையைப் பாடுவதாகத் தோன்றலாம். ஆனால் தோழி இவ்வுவமையைத் தலைவனிடம் சொல்லி, தலைவிக்கு அவன் மார்பே அத்தகையது, அதை அறிந்து ஒழுகுதலே அறம் என்கிறாள். தாய் இருக்கும் இடத்தில் தலைவன் வைக்கப்படுகிறான்.

மூன்று விலகல்களும் ஒரே திசையில் செல்கின்றன. இயற்கை ஆணுக்குத் தராத ஓம்பும் கடமையைப் பாடல்கள் ஆணுக்குத் தருகின்றன. கொக்கு, நாரை இனங்களில் தந்தை ஊட்டுவது உண்மையாதலால் அங்குப் புலவர்கள் உள்ளதை உள்ளவாறே சொன்னார்கள். அவ்வுண்மை இல்லாத இடத்தில் அதை உண்டாக்கினார்கள். ஆகவே சரியான காட்சியும் விலகிய காட்சியும் ஒரே நோக்கத்துக்குப் பணிபுரிகின்றன. ‘நுட்பமான உற்றறிதல்’ என்னும் பாராட்டு முதல்வகைப் பாடல்களை மட்டுமே விளக்கும். ‘மரபுக் கற்பனை’ என்னும் விலக்கு இரண்டாம் வகையை மட்டுமே விளக்கும். தலைவனின் கடமையை அளக்கும் அளவுகோலாக உயிரினங்கள் பாடப்பட்டன எனக் கொண்டால் இருவகையும் ஒருங்கே விளங்கும்.

8. முடிவுரை

நெய்தல் பாடல்களில் பறவையின் இரை யாரிடம் சேர்கிறது என்பதே உறவின் நிலையை அறிவிக்கிறது. இரை பிள்ளைக்கோ பெடைக்கோ சென்று சேரும் பாடல்களில் வரைவு நிகழ்கிறது. அல்லது அது நிகழாமையின் ஏக்கம் கூர்மையடைகிறது. இரை தன் வாய்க்கே செல்லும் பாடல்களில் சான்றின்மை, அலர், மெலிவு ஆகியவை தோன்றுகின்றன. இரை விலக்கப்படும் பாடல்களில் ஒருவரின் இன்மை மற்றவரின் பசியாகிறது. வெள்ளாங்குருகுப் பத்தில் இம்மூன்றுக்கும் அப்பால், ஊட்டாத வருகை என்னும் நான்காம் நிலை உருவாகிறது. அப்பத்தின் சொற்பொருள் வழக்கு தீராவிடினும் இந்நிலை இரு பொருளிலும் நிலைக்கிறது.

உள்ளுறையை ஒன்றுக்கு ஒன்றாகப் பொருத்தும் முறை, இரை என்பது யார் என்று வினவியது. இரை யாருக்கு என்று வினவும்போது பாடல்கள் வேறுவிதமாகத் திறக்கின்றன. பறவையியலும் அப்போது இலக்கிய ஆய்வுக்கு மெய்யான துணையாகிறது. பாடல் எங்கே இயற்கையோடு ஒத்தது என்பதைக் காட்டுவதோடு, எங்கே, எதன்பொருட்டு அதைக் கடந்தது என்பதையும் அது காட்டவல்லது. பிற திணைகளில் வரும் விலங்கு, பறவை ஓம்புதற் காட்சிகளையும் இவ்வாறு ஒத்த இடமும் விலகிய இடமும் சேர்த்து ஆராயின், இங்குக் கண்ட திசை நெய்தலுக்கு மட்டும் உரியதா, அக இலக்கியம் முழுமைக்கும் பொதுவானதா என்பது துணியப்படும்.